நூலக அக்கா பதில்கள்: சூட்கேஸில் மிச்சமிருக்கும் இடம்

சென்ற இதழில் ஆசிரியர் ஒரு சின்ன அறிவித்தல் போட்டிருந்தார். "வன்னிக்குப் போகுமுன் எதை வாசிக்கலாம், திரும்பும்போது எதைக் கொண்டுவரலாம்? நூலக அக்காவிடம் கேளுங்கள்" என்று. பத்துக் கடிதம் வந்தால் பெரிது என்று நினைத்திருந்தேன். வந்த கடிதக் கட்டை நீட்டும்போது தபாற்காரத் தம்பி என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். எல்லாவற்றுக்கும் பதில் எழுத இடமில்லை; ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: இலங்கையின் வடக்கே, வன்னியில், முள்ளியவளைப் பக்கம் ஒரு சிறிய பொது நூலகத்தில் முப்பது வருடத்துக்குக் கிட்ட வேலை செய்து ஓய்வுபெற்றவள் நான். சரித்திரத்தில் பட்டம் கிடையாது. புத்தகங்களுக்குத் தூசு தட்டும்போது நின்று வாசித்ததுதான் படிப்பு.

கேள்வி: கனடாவில் பிறந்த இரண்டு பிள்ளைகளோடு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு வருகிறோம். ஐந்து நாள் நிற்போம். வருமுன் வாசிக்க ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்கள் அக்கா. ஆங்கிலேயரை எதிர்த்த வன்னி அரசன் பண்டாரவன்னியன் கதையை அம்மா சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. (வாசகி, ஸ்காபரோ)

பதில்: முதலில் எதை நம்பி வரக்கூடாது என்று சொல்லிவிடுகிறேன் தங்கச்சி. கலைஞர் கருணாநிதி 'பாயும் புலி பண்டாரக வன்னியன்' என்று ஒரு நாவல் எழுதியிருக்கிறார். சுவையான வாசிப்பு. விமானத்தில் நேரம் போவதே தெரியாது. ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு முல்லைத்தீவில் இடம் தேடவேண்டாம். நாவல் நாவல்தான்.

ஒன்றே ஒன்று என்றால் ஜே. பி. லூயிஸ் எழுதிய வன்னி மாவட்டக் கைநூலைச் சொல்வேன். பிரித்தானிய சிவில் சேவை அதிகாரி ஒருவர் 1895இல் எழுதியது. குளம், வயல், காய்ச்சல், கைவிடப்பட்ட ஊர், வரி என்று போகும். படுத்துக்கொண்டு வாசிக்கிற புத்தகம் இல்லை. எங்கள் ஆட்களைப் பற்றி அவர் சொல்லும் சில அபிப்பிராயங்களைக் கண்டால் எரிச்சல் வரும். வரட்டும். ஆனால் நூறு வருடத்துக்கு மேல் முந்திய வன்னியை ஊர் ஊராக நடந்து பார்த்தவர்களில் இவ்வளவு எழுதிவைத்தவர் வேறு யார்? அம்மாவின் ஊர்ப்பெயரை அதில் தேடிப் பாருங்கள். அகப்பட்டால் அன்றைக்கு உங்களுக்கு நித்திரை வராது. ஆங்கிலப் புத்தகம் என்பதால் பிள்ளைகளும் வாசிக்கலாம் என்பது மேலதிக இலாபம். மறுபதிப்பும் வந்திருக்கிறது.

தமிழில் வேண்டுமென்றால் பேராசிரியர் சி. பத்மநாதன் 1970இல் எழுதிய 'வன்னியர்'. கதை கதையாய்க் கேட்டதில் எது சான்றோடு நிற்கிறது, எது நிற்கவில்லை என்று பிரித்துப் பார்க்கப் பழகிக்கொள்ளலாம்.

பண்டாரவன்னியனை அம்மா எப்படிச் சொன்னாரோ தெரியாது. நான் சொல்லும் கதை இரண்டு திகதிக்கு நடுவில் இருக்கிறது. 1803 ஓகஸ்ட் 25, முல்லைத்தீவில் இருந்த ஆங்கிலேயப் படையை அவர் அடித்து விரட்டிய நாள். அவர்கள் வள்ளமேறி யாழ்ப்பாணத்துக்குப் போனார்கள். ஒக்டோபர் 31, ஒட்டுசுட்டான் பக்கம் கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிறிபேர்க்கின் படையிடம் அவர் தோற்ற நாள். இடையில் இருப்பது இரண்டு மாதமும் சில நாளும்தான். அங்கே ஆங்கிலேயர் ஒரு கல் நட்டார்கள். "இவ்விடத்தருகே கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார்" என்ற கருத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரியும் திகதியும். அந்த வரியில் எனக்குப் பிடித்த சொல் "இவ்விடத்தருகே". வென்றவருக்கே சரியான இடம் தெரியவில்லை, காட்டுக்குள் எங்கேயோ! இன்னொன்றையும் கவனியுங்கள்: தோற்கடித்தார் என்றுதான் கல் சொன்னது, கொன்றார் என்று சொல்லவில்லை. அன்றைக்கே இறந்தாரா, பிறகு சில வருடம் காட்டில் திரிந்தாரா என்பதில் எழுதியவர்களிடையே ஒற்றுமை இல்லை. பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டுபோய் இந்த ஒரு வரியைச் சொல்லி, நீங்களே யோசியுங்கள் என்று விட்டுவிடுங்கள். வாள் சண்டை காட்டுவதைவிட அது நல்லது.

கேள்வி: நான் தமிழ்நாட்டு வாசகன். வன்னி என்றால் ஒரு மாவட்டமா, ஒரு நாடா? கடற்கரை உண்டா? எங்கள் ஊர் வன்னியருக்கும் அதற்கும் என்ன தொடர்பு? (வாசகர், விழுப்புரம்)

பதில்: கடைசிக் கேள்வியை உங்கள் ஊர் ஆய்வாளர்களும் எங்கள் ஊர் ஆய்வாளர்களும் நெடுங்காலமாக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். நூலகத்தில் மின்விசிறி போட்டுக்கொண்டிருந்த என்னை ஏன் மாட்டிவிடுகிறீர்கள் ஐயா?

மற்றதற்குச் சொல்கிறேன். இன்றைக்கு வன்னி என்றால் முல்லைத்தீவு, வவுனியா, மன்னார், கிளிநொச்சி ஆகிய நான்கு மாவட்டங்களையும் சேர்த்துச் சொல்கிறோம். அந்தக் காலத்தில் அது பல துண்டுகளாக இருந்தது. பனங்காமம், முள்ளியவளை, கரிக்கட்டுமூலை, கருநாவல்பற்று, மேல்பற்று, தென்னமரவடி என்று ஒவ்வொன்றும் ஒரு வன்னிமை, அதாவது ஒரு வன்னியன் ஆண்ட சிற்றரசு. யாழ்ப்பாண அரசுக்கும் தெற்கே இருந்த அரசுகளுக்கும் நடுவில், காட்டை வேலியாகவும் குளத்தைப் பெட்டகமாகவும் வைத்துக்கொண்டு இருந்தவர்கள். ஆள வந்த பேரரசுக்குத் திறை கொடுப்பார்கள். அந்த அரசின் கை தளர்ந்தால் கொடுக்காமல் விடுவார்கள். ஒல்லாந்தருக்கு (டச்சுக்காரருக்கு) திறையாகக் கட்டியது யானை. பிடித்த யானைகளைக் கடலேரி கடத்திக் குடாநாட்டுக்குக் கொண்டுபோன இடத்துக்கு ஆனையிறவு என்றே பெயர் வந்துவிட்டது.

கடற்கரையா? இரண்டு பக்கமும் கடல். மேற்கே மன்னார், கிழக்கே முல்லைத்தீவு. மேற்குக் கரைக்கு வருகிறவர்கள் ஆங்கிலேய மாலுமி ரொபேர்ட் நொக்ஸின் புத்தகத்தை வாசித்துவிட்டு வாருங்கள். 1660இல் கண்டி அரசனிடம் பிடிபட்டு, பத்தொன்பது வருடம் மலைநாட்டில் இருந்து, 1679இல் தப்பியவர். வழி தெரியாத காட்டில் அவருக்கு வழி காட்டியது ஓர் ஆறு. சிங்களத்தில் மல்வத்து ஓயா, எங்களுக்கு அருவியாறு. அதன் கரையைப் பிடித்துக்கொண்டே வந்து கடலோரத்தில் அரிப்பில் ஒல்லாந்தரிடம் சேர்ந்தார். 1681இல் லண்டனில் புத்தகம் வந்தது. அதிலுள்ள வரைபடத்தில் கண்டி இராச்சியத்துக்கு வடக்கே ஒரு வன்னியனின் நாடு என்று பெயர் போட்டுக் குறித்திருக்கிறார். எழுத்துக்கூட்டல் கோணல்மாணல். நாங்கள் கைலை வன்னியன் என்று சொல்லும் பனங்காமத்து அரசன்தான் அது என்கிறார்கள். ஓடித் தப்பின மனிதன் எங்கள் நாட்டை மறக்காமல் படத்தில் போட்டிருக்கிறார்.

அரிப்பில் இப்போது பார்க்க இருப்பது ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 1800களின் தொடக்கத்தில் முத்துக்குளிப்பைப் பார்த்திருக்கக் கட்டிய மாளிகையின் இடிபாடு. கடல் அதை வருடா வருடம் கடித்துக்கொண்டிருக்கிறது. மன்னாரில் பெருக்கமரத்தையும் பாருங்கள். ஆறு பேர் கைகோத்தாலும் அணைப்பது கஷ்டம்.

கேள்வி: நான் கிளிநொச்சியில் வான் ஓட்டுகிறேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை ஏற்றி இறக்குவதுதான் தொழில். "நினைவுக்கு ஒரு சாமான் வாங்க எங்கே நிறுத்துவாய்?" என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்தது முறிகண்டிக் கச்சான்கடலைதான். வேறு என்ன சொல்லலாம் அன்ரி?

பதில்: கச்சானைக் குறைத்து மதிப்பிடாதே தம்பி. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, சரையில் கச்சான் வாங்கிக் கொறித்துக்கொண்டு வானில் ஏறாதவன் ஏ9 வீதியால் போனதாகச் சொல்லக்கூடாது. ஆனால் அது பரந்தன் வரும் முன்பே முடிந்துவிடும். ரொறொன்ரோ வரைக்கும் போகாது.

எனக்கு இதில் ஒரு பிடிவாதம் உண்டு. கண்ணாடி அலமாரிக்குள் வைக்கிற சாமானை நான் யாருக்கும் சொல்வதில்லை. கொண்டுபோவது தேயவேண்டும், உடையவேண்டும், தின்று முடியவேண்டும். முடிந்தால்தானே திரும்ப வருவார்கள்?

இது எப்படி வந்தது என்று சொல்கிறேன். சில வருடத்துக்கு முன் என் மருமகன் வெளிநாட்டிலிருந்து வந்து, போகும்போது பிட்டு அவிக்கிற ஓலைப்பெட்டி, நீத்துப்பெட்டி ஒன்று கேட்டான். எனக்குப் புளுகமென்றால் புளுகம். பிள்ளை பிட்டு அவிக்கப்போகிறான் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். பிறகு ஒருநாள் வீடியோவில் அவன் வீட்டைக் காட்டினான். சாப்பாட்டு மேசைக்கு மேலே, மின்குமிழுக்கு மூடியாக, என் நீத்துப்பெட்டி தலைகீழாகத் தொங்குகிறது! அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஓலைக்கண் வழியாக வெளிச்சம் சுவரெல்லாம் பூப்பூவாய் விழுந்தது. ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை. ஆவி பட்டுக் கறுக்காத நீத்துப்பெட்டி என்ன நீத்துப்பெட்டி?

ஆகவே உன்னுடைய ஆட்களுக்குச் சொல்லு: பனையோலைச் சாமான் வாங்குவதென்றால் என்ன வேலைக்கு என்று யோசித்து வாங்குங்கள். பிட்டுக்கு நீத்துப்பெட்டி. அரிசி புடைக்கச் சுளகு. வெற்றிலை போடும் அம்மம்மா உயிரோடு இருந்தால் கொட்டப்பெட்டி. ஊசி நூல், மருந்துக்குளிசை வைக்க மூடுபெட்டி. கடகம் பெரிய கூடைதான், ஆனால் உள்ளே உடுப்பை அடுக்கிச் சூட்கேஸில் வைத்தால் இடம் வீணாகாது. நல்ல கடகத்தை அடையாளம் காண்பது சுலபம்: உள்ளுக்கு ஒன்று வெளியே ஒன்று என்று இரட்டையாக இழைத்திருக்கும், வாயை நாரால் இறுக்கிப் பொத்தியிருக்கும். விரலால் தட்டினால் பறை மாதிரி ஒரு சத்தம் வரும். ஒற்றையாக இழைத்து, பளபளவென்று சாயம் போட்டது ஒரு மழைக்குத் தாங்காது.

பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் கடைகளிலும் வாங்கலாம். ஆனால் எங்கள் பக்கம் இழைக்கிற பெண்களின் வீட்டுக்கே வானைத் திருப்பினால் இன்னும் நல்லது. குருத்தோலையை வெட்டிக் காயவைத்து, ஈர்க்கு எடுத்து, ஒரே அகலத்தில் வார்ந்து, பிறகுதான் கை பின்னத் தொடங்கும். என் அயலில் ஒரு மனுசி இருக்கிறார். பின்னிக்கொண்டே நாலு வீட்டுக் கதையும் சொல்வார், ஒரு இழை பிசகாது. விலை பேசாதே. இரண்டு மூன்று நாள் வேலைக்கு அவர் கேட்பது உன் பயணிகள் வழியில் குடிக்கிற கோப்பிக்காசு.

சாப்பாட்டுச் சாமானில் முதலிடம் பூநகரி மொட்டைக்கறுப்பன். சிவப்பரிசி. கஞ்சிக்கும் பிட்டுக்கும் அதற்கு நிகர் இல்லை. மாவாக இடித்து வறுத்துக் கொடுத்தால், நீத்துப்பெட்டியோடு சேர்த்துக் கட்டிவிடலாம், ஒன்றுக்கொன்று துணை. குட்டான் என்ற சின்ன ஓலைப்பெட்டியில் வரும் பனங்கட்டி, பனங்கிழங்கைக் காயவைத்த ஒடியல், அவித்துக் காயவைத்த புழுக்கொடியல், பனம்பழச் சாற்றைக் காயவைத்த பனாட்டு எல்லாம் பல நாள் தாங்கும். தேன் வாங்குவதென்றால் உனக்குத் தெரிந்த ஆளிடம் மட்டும் வாங்கு. வீதியோரப் போத்தலில் பாதி சீனிப்பாணி. நான் ஏமாந்து வாங்கியது இன்னும் வீட்டில் இருக்கிறது, அடியில் சீனி உறைந்து கல்லாய்க் கிடக்கிறது. அவுஸ்திரேலியா போகிறவர்கள் தேன், விதை, ஓலைச்சாமான் எல்லாவற்றையும் விமானநிலையத்தில் எழுதிக் காட்டவேண்டும் என்பதையும் சொல்லிவை.

பாலைப்பழத்தைக் கொண்டுபோகக் கேட்பார்கள். முடியாது. மரத்தடியில் நின்று தின்று, உதட்டில் பால் ஒட்டி, வாயைத் திறக்கக் கஷ்டப்பட்டுச் சிரிப்பதுதான் பாலைப்பழம்.

கேள்வி: முல்லைத்தீவுக் கடற்கரையில் சங்கு, சிப்பி, பவளத்துண்டு பொறுக்கிக்கொண்டு போகலாமா? (வாசகி, திருகோணமலை)

பதில்: பவளமும் ஆமை ஓடும் சட்டப்படி தொடவே கூடாது. செத்த சிப்பி ஒன்றைப் பிள்ளை கையில் வைத்து விளையாடட்டும். போகும்போது திரும்ப மணலில் போடச் சொல்லுங்கள், துறவி நண்டுக்கு வீடு வேண்டும்.

கேள்வி: பெயர் போடவேண்டாம். லண்டனிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பழைய வீட்டு இடிபாட்டில் ஒரு ஓலைச்சுவடிக் கட்டு கிடைத்தது. அதை என்னோடு கொண்டுபோகலாமா? சித்தப்பா முள்ளிவாய்க்கால் பக்கம் கிடந்த ஒரு வெற்று வெடிகுண்டுக் கோதையும் எடுத்து வைத்திருக்கிறார், ஞாபகத்துக்கு.

பதில்: அந்தக் குண்டுக் கோதை இன்றைக்கே வைத்துவிடச் சொல்லுங்கள். எது வெறுமை, எது வெறுமை இல்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்கிற வேலையைக் கண்ணிவெடி அகற்றுகிறவர்களே மணிக்கணக்காய்க் குந்தியிருந்து செய்கிறார்கள். சிவப்பு மண்டையோட்டுப் பலகை கண்டால் அதற்கு அப்பால் கால் வைக்கவேண்டாம். பலகை இல்லாத இடத்திலும் உலோகமாய் எதையும் தூக்கவேண்டாம். விமானநிலையத்தில் அகப்பட்டால் அது வேறு துன்பம். சித்தப்பாவின் மனம் எனக்கு விளங்குகிறது. அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போன பெண்ணையும் பார்த்திருக்கிறேன். அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஏட்டை நாட்டுக்கு வெளியே எடுக்காதீர்கள். பழைய ஏடு, நாணயம், சிலை எதுவானாலும் அனுமதிப்பத்திரம் இல்லாமல் கொண்டுபோவது குற்றம். அதை விடுங்கள், லண்டன் வீட்டின் ஹீட்டருக்குப் பக்கத்தில் அந்த ஓலை எத்தனை குளிர்காலம் தாங்கும்? நூலகம் நிறுவனத்தார் 2005இலிருந்து ஈழத்துப் புத்தகங்களை மின்வடிவாக்கி இணையத்தில் போட்டு வருகிறார்கள், ஏடுகளையும் படமெடுக்கிறார்கள். அவர்களோடு கதைத்துப் பாருங்கள். படம் உங்களோடு வரட்டும், ஓலை இங்கே இருக்கட்டும். ஒரு சின்ன வேண்டுகோள்: நீங்களாக எண்ணெய் பூசித் துடைக்கவேண்டாம், கட்டுக் கயிற்றையும் அவிழ்க்கவேண்டாம். ஒழுங்கு கலைந்த ஏட்டை அடுக்குவது எனக்குத் தெரிந்த மிகச் சலிப்பான வேலை.

கேள்வி: மட்டக்களப்பில் எங்களுக்குக் கண்ணகி வழக்குரை இருக்கிறது. உங்கள் வற்றாப்பளை அம்மனுக்கு என்ன புத்தகம் இருக்கிறது? (வாசகர், களுவாஞ்சிகுடி)

பதில்: எங்களுக்குச் 'சிலம்பு கூறல்' இருக்கிறது. உங்கள் வழக்குரைக்கு உடன்பிறப்பு. ஒரே கதை, வேறு வாய். கோவலன் கூத்தும் இருக்கிறது. முள்ளியவளையில் ஆடிப் பார்க்கவேண்டும், அச்சில் வாசித்தால் அரைவாசிதான்.

கண்ணகி மதுரையை எரித்துவிட்டு இலங்கைக்கு வந்து தங்கித் தங்கி வந்தாள், பத்தாவதாகத் தங்கிய இடம் பத்தாம்பளை, அதுவே வற்றாப்பளை என்று கோயில் கதை சொல்லும். நந்திக்கடல் ஓரத்தில் மாடு மேய்த்த பொடியன்கள் ஒரு கிழவியைக் கண்டார்கள். பசிக்கிறது என்றாள், பொங்கிக் கொடுத்தார்கள். பொழுது பட்டது, விளக்குக்கு எண்ணெய் இல்லை. கடல்நீரை அள்ளி ஊற்றுங்கள் என்றாள். எரிந்தது. பிறகு தலையில் பேன் பார்க்கச் சொன்னாள். மயிரை விலக்கிப் பார்த்தால் தலை நிறையக் கண்கள், ஆயிரம் கண்கள்! ஸ்காபரோத் தங்கச்சி, இது உங்கள் பிள்ளைகளுக்கும்தான். பேன் பார்க்கிற கடவுள் கதை உலகத்தில் வேறு எங்கே கிடைக்கும்?

இன்றும் அப்படித்தான் நடக்கிறது. பாக்குத்தெண்டல் என்ற சடங்கோடு தொடங்கும். சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுத்து முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவந்து அந்த நீரில் விளக்கேற்றுவார்கள். ஞாயிறு அங்கே பொங்கல், திங்கள் வற்றாப்பளையில். பொங்கல் நாளில் கோயில் வீதியில் சின்னச் சின்னப் பாட்டுப்புத்தகங்கள் பாயில் பரப்பியிருக்கும். கண்ட கண்ட காகிதத்தில் அச்சடித்தது, எழுத்துப்பிழை தாராளம். எல்லாவற்றிலும் ஒன்று வாங்குங்கள். அடுத்த வருடம் அதே புத்தகம் வராது.

கேள்வி: கொழும்பில் புத்தகக் கடை கடையாக ஏறி இறங்கினேன். வன்னி பற்றி ஒன்றும் இல்லை என்கிறார்கள். எங்கேதான் கிடைக்கும்? (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: உங்களுக்காவது இல்லை என்றார்கள். நான் ஒருமுறை ஒரு கடையில் "வன்னி பற்றி ஏதும் இருக்கிறதா?" என்று கேட்க, உள்ளே போன பிள்ளை நெடுநேரம் கழித்து மூலிகைப் புத்தகம் ஒன்றோடு வந்தது. வன்னி மரப்பட்டையின் குணம் நாற்பத்தோராம் பக்கத்தில் இருந்தது. வாங்கிக்கொண்டுதான் வந்தேன், பிள்ளை தேடிக் களைத்திருந்தது.

வன்னியைப் பற்றிய நல்ல புத்தகங்கள் கடையில் இல்லை ஐயா. வீடுகளில் இருக்கின்றன. கல்வெட்டு என்று சொன்னால் உங்களுக்கு விளங்கும், தமிழ்நாட்டு வாசகர்களுக்காக விரிக்கிறேன். எங்களிடம் கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டியது மட்டும் இல்லை. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் வீட்டுக்காரர் அச்சடித்துக் கொடுக்கிற சிறு புத்தகத்துக்கும் அதுதான் பெயர். முன்னால் படம், பிறகு திதி வெண்பா, வாழ்க்கை வரலாறு, தேவாரம், புலம்பல், வம்சாவளி. பக்கம் மிஞ்சினால் யாராவது ஒரு வாத்தியார் ஊர் வரலாறு எழுதிச் சேர்த்திருப்பார். எந்தக் குளத்தை யார் கட்டினார், எந்தக் காட்டை யார் வெட்டிக் கழனியாக்கினார், ஐயனாருக்கு மடை வைக்கும் உரிமை எந்தக் குடும்பத்துக்கு, பாம்புக்கடிக்கு யாரிடம் ஓடினார்கள், எல்லாம் அதில்தான் அகப்படும். ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர், குரக்கன் (கேழ்வரகு) தாளுக்குத் தீ வைத்தபோது வேகாமல் நின்ற இடத்தில் வெளிப்பட்டார் என்ற கதையை நான் முதலில் வாசித்ததே ஒரு கமக்காரரின் கல்வெட்டில்தான்.

அதேபோல மலர். பாடசாலை நூற்றாண்டு மலர், கும்பாபிஷேக மலர், பிரதேச விழா மலர். முதல் இருபது பக்கம் ஆசிச்செய்தி, அதைத் தாண்டவேண்டும். தாண்டினால் தங்கம்.

எப்படி வாங்குவது? வாசலில் நின்று "கல்வெட்டு இருக்கிறதா?" என்று கேட்டால் நாய்தான் பதில் சொல்லும். போய் இருங்கள். தேநீர் வரும். சுவரில் மாலை போட்ட படம் இருக்கும், அவரைப் பற்றிக் கேளுங்கள். அரை மணித்தியாலத்தில் வீட்டுக்காரம்மாவே அலமாரியைத் திறந்து எடுத்துவருவார். அப்போதும் புத்தகத்தைக் கேட்காதீர்கள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஒன்றே ஒன்று மிஞ்சியிருக்கும். கைத்தொலைபேசியில் ஒவ்வொரு பக்கமாகப் படமெடுங்கள், பின்னட்டையையும் விடாமல். உங்கள் வீட்டிலும் ஒரு கட்டு இருக்கும், அதையும் எடுத்து நூலகம் தளத்தாருக்கு அனுப்புங்கள். அவர்கள் நினைவுமலர்களையும் சேர்க்கிறார்கள்.

கேள்வி: மகளுக்குச் சொல்ல வன்னிப் பெண் ஒருத்தியின் கதை உண்டா? எல்லாம் வன்னியன், வன்னியன் என்றே இருக்கிறது. (வாசகி, வவுனியா)

பதில்: அரியாத்தை. வேலப்பணிக்கனின் மனைவி. ஆண்கள் பிடிக்கமுடியாத கொம்பனை அவள் பிடித்துக் கட்டினாள் என்பது நாட்டார் கதை. முடிவு துயரம், பொறாமை அவளை விடவில்லை. 'வேலப்பணிக்கன் ஒப்பாரி' என்று பாட்டாக இருக்கிறது. மகள் சின்னவள் என்றால் யானையைக் கட்டிய இடத்தோடு நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: நாவல் ஒன்று சொல்லுங்கள் அக்கா. வரலாறு எனக்கு ஓடாது. (உயர்தர மாணவி, நெடுங்கேணி)

பதில்: அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'. 1973இல் வந்தது. தண்ணிமுறிப்புக் காடும் குளமும்தான் களம். பதஞ்சலி என்ற பெண்ணின் கதை. மேற்கொண்டு சொல்லமாட்டேன்.

ஆனால் அந்தப் புத்தகத்தோடு எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2008இல் உன்னைப் போல ஒரு பிள்ளை எங்கள் நூலகத்திலிருந்து அதை இரவல் எடுத்தாள். இரண்டு வாரத் தவணை. அதற்குப் பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். நூலகமும் இல்லை, அட்டவணைப் புத்தகமும் இல்லை. நான் உரப்பையில் கட்டிக்கொண்டு ஓடியவற்றில் இரண்டு புத்தகம் மிஞ்சியது. திரும்பி வந்து, கூரைத்தகரம் போட்ட ஓர் அறையில் நூலகம் தொடங்கிச் சில மாதத்தில், ஒருநாள் வாசலில் ஒரு பெண். கையில் 'நிலக்கிளி'. அட்டை இல்லை, முதுகை மீன்வலை நூலால் தைத்திருந்தாள். செட்டிக்குளம் முகாமில் ஒரு கூடாரத்தில் எட்டுப் பேர் மாறி மாறி வாசித்தார்களாம். "தண்டம் எவ்வளவு அக்கா?" என்று கேட்டாள். பகிடிக்கு இல்லை, உண்மையாகவே கேட்டாள். நாளுக்கு ஐம்பது சதப்படி கணக்குப் பார்த்துச் சொன்னேன். அவளும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அம்மாவிடம் கேட்டு நாளைக்குக் கொண்டுவாறன்" என்றாள். அப்போதுதான் எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவளை உறுப்பினராகப் பதிந்து, அதே புத்தகத்தைத் திரும்பக் கொடுத்து அனுப்பினேன். அவள் அதை இன்னும் திருப்பித் தரவில்லை. நூலகம் தளத்தில் தேடிப் பார் பிள்ளை, எங்கள் பிரதி வரும் என்று நம்பியிருக்காதே.

கேள்வி: எனக்கு வரமுடியாது. வயது போய்விட்டது. நீத்துப்பெட்டி ஒன்றும் சுளகு ஒன்றும் தபாலில் அனுப்ப உங்கள் அயல் மனுசியிடம் சொல்வீர்களா? காசு அனுப்புகிறேன். (வாசகி, நோர்வே)

பதில்: கேட்டேன் அம்மா. மாரி தொடங்கிவிட்டது, ஓலை காயாது, காயாத ஓலையில் இழைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், உங்களுக்கு அப்படி ஒன்றை அனுப்பத் தனக்கு மனமில்லை என்கிறார். தை பிறந்த பிறகு ஒரு கடிதம் போடுங்கள். எத்தனை பேருக்குப் பிட்டு அவிப்பீர்கள் என்று கட்டாயம் எழுதவேண்டுமாம், அளவுக்கு.